சின்னச் செயல் எப்போது மனதில் படும், எப்போது படாது

கேள்வி இது: "எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாருக்காகவும் உழைக்கிறோம். சண்டை அதிகம் இல்லை. ஆனாலும் தன் மேல் யாருக்கும் தனியாக அன்பு இல்லை என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. பெரிய பரிசு, பயணம் எல்லாம் முடியாது. சின்னச் சின்னதாக எதைச் செய்தால் மனதில் படும்?"

உழைப்பையும் அன்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டு வாடகை கட்டுவது, துணி துவைப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது எல்லாம் வீட்டுக்காக நடப்பவை. அந்த இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அவை நடந்திருக்கும். "என் மேல் அன்பு இருக்கிறது" என்று ஒருவருக்குத் தோன்ற, அவருக்கென்றே நடந்த ஏதோ ஒன்று வேண்டும். அது எவ்வளவு பெரியது என்பது அநேகமாகப் பொருட்டே இல்லை. அவரைக் கவனித்திருக்கிறார்கள் என்ற தடயம் அதில் இருந்தால் போதும். தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: குறிப்பறிதல். செய்கிற வேலை கால் பங்கு, குறிப்பறிவது முக்கால் பங்கு.

சைதே ஹெஷ்மதி, ஸீட்டா ஒராவெக்ஸ் ஆகியோரின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். அமெரிக்காவில் 495 பேரிடம் 60 நிகழ்வுகளைச் சொல்லி, எவை நடந்தால் பெரும்பாலோர் தங்கள் மேல் அன்பு இருப்பதாக உணர்வார்கள் என்று கேட்டார்கள். கஷ்டமான நேரத்தில் ஒருவர் இரக்கம் காட்டுவது, குழந்தை வந்து ஒட்டிக்கொள்வது, வளர்ப்புப் பிராணி நம்மைப் பார்த்துத் துள்ளுவது மாதிரியானவற்றில் கருத்து பெரிதும் ஒத்துப்போனது. எல்லாம் காசு செலவில்லாத, காதலோடு சம்பந்தமே இல்லாத விஷயங்கள். எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள விரும்புவது போன்ற, பிடியை இறுக்கும் செயல்கள் அந்தப் பட்டியலில் தேறவில்லை. அக்கறை என்று நினைத்து வீடுகளில் அதிகமாக நடப்பது இந்த இரண்டாவது வகைதான்.

உறவுகளை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் ஹாரி ரீஸ் நெருக்கத்துக்கு மூன்று தூண்கள் சொல்கிறார்: என்னைப் புரிந்துகொள்கிறார்கள், என்னை மதிக்கிறார்கள், என் நலனில் அக்கறை இருக்கிறது. ஒரு சின்னச் செயலைச் செய்யும் முன் இந்த மூன்றோடும் உரசிப் பாருங்கள். பெரும்பாலும் அக்கறை இருக்கும், மற்ற இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கும்.

ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கண்ணாடி போடுபவர் அதைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பார்த்தவர் இரவில் அதை எடுத்துச் சுத்தம் செய்து வைக்கிறார். இதில் கூடச் சரியாகச் செய்வது, தப்பாகச் செய்வது என்று இரண்டு உண்டு. உலர்ந்த துணியால் நேராகத் துடைத்தால் மேலே இருக்கும் மண் துகள் லென்ஸில் கீறல் போடும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டித் துகளைப் போக்க வேண்டும். வெந்நீர் கூடாது, மேல்பூச்சு கெடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு, விரல் நுனியால் இரண்டு பக்கமும், மூக்கில் படும் பட்டைகளையும் தேய்த்து அலச வேண்டும். பிறகு நூல் உதிராத மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், காகிதக் கைக்குட்டை வேண்டாம். கீல் திருகு ஆடினால் சின்னத் திருப்புளியால் கால் சுற்று, அதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும். கடைசியாக, லென்ஸ் மேலே பார்த்தபடி மடித்து, அவர் வைத்திருந்த அதே இடத்தில் வைக்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். காலையில் கண்ணாடியைப் போட்டதும் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர் துடைத்துத் துடைத்துச் சலித்ததைக் கண்டது புரிதல், அதே இடத்தில் திருப்பி வைத்தது மதிப்பு, சுத்தம் செய்தது அக்கறை. "பார், எவ்வளவு அழுக்கு, உனக்கு ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா" என்று கையில் கொடுத்திருந்தால் மூன்றாவது மட்டும் மிஞ்சியிருக்கும், அதுவும் சந்தேகம்தான்.

ஆகவே முதல் வாரம் எதையும் செய்யாதீர்கள், பாருங்கள். வீட்டில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு குறிப்பு திறந்து வையுங்கள். அவர் தினமும் எதைத் தேடுகிறார்? எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்? எதைச் செய்யும்போது முணுமுணுக்கிறார், பெருமூச்சு விடுகிறார்? எதைப் பற்றி யாரும் கேட்காமலே பேசுகிறார்? ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். ஏழு நாளில் ஐந்தாறு வரி சேரும். சார்ஜர் வயர் படுக்கைக்கு எட்டவில்லை. குளியலறைக் கதவு ஈரக் காலத்தில் இறுகுகிறது, தோளால் தள்ளுகிறார். மாத்திரை தீர்ந்த பிறகே ஞாபகம் வருகிறது. வாகனத்தின் டயரில் காற்று குறைவு என்று நான்கு நாளாகச் சொல்கிறார். பழைய தோழியைப் பற்றி இரண்டு முறை பேசினார். இதிலிருந்து ஒன்றைப் பொறுக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிவதாக, அவர் தானாகவே முடிவெடுக்க விரும்பும் விஷயத்தில் தலையிடாததாக, தப்பாகப் போனால் பழையபடி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். மாத்திரை விஷயத்தில் பெட்டியை நீங்களே நிரப்புவதை விட, ஒரு வாரத்துக்கான அளவு மிச்சம் இருக்கும்போதே வாங்கி வைப்பது பாதுகாப்பு. எதை எப்போது சாப்பிடுவது என்பதை அவரோடு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

செய்த பிறகு இரண்டு நாள் சும்மா இருங்கள். நன்றி வருகிறதா என்று பார்க்காதீர்கள், அது நல்ல அளவுகோல் இல்லை. மரியாதைக்காகவும் நன்றி சொல்வார்கள். அவர் அதைப் பயன்படுத்துகிறாரா, வேறு யாரிடமாவது அதைச் சொன்னாரா, உங்கள் பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தாரா என்பதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். தினமும் நான்கு செய்தால் எதிராளிக்குக் கடன்பட்ட உணர்வுதான் வரும்.

வயதானவர்களுக்குச் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போனில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கண்ணருகே வைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பது என்ன? பேரனோ மகளோ போனைக் கையிலிருந்து வாங்கி, நாலு நொடியில் எழுத்தைப் பெரிதாக்கி, கூடவே இரண்டு செயலிகளையும் இடம் மாற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். அவருக்குப் பழகிய பொத்தான் இப்போது அங்கே இல்லை. உதவி வாங்கியவர் முன்பை விடத் தடுமாறுகிறார், கேட்கவும் கூச்சம். மாற்றுவழி எளிது. "பாட்டி, எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கலாமா?" என்று கேட்டு, போன் அவர் கையிலேயே இருக்க, அவர் விரலாலேயே அமைப்புகளுக்குப் போய், எழுத்தளவை ஒரு படி மட்டும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு படி. கடைசி அளவு வரை ஏற்றினால் சில திரைகளில் கீழே இருக்கும் பொத்தான் மறைந்துபோகும். ஐகான்களைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அவருக்கு நினைவிருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு நேர்மாறு: நண்பர்கள் முன்னால் எதுவும் வேண்டாம், அறையைக் கேட்காமல் ஒழுங்குபடுத்த வேண்டாம். அவர்கள் சொன்ன ஒரு பெயரை, ஒரு தேதியை நினைவில் வைத்திருந்து "இன்னைக்குத்தானே அது?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு நகர்ந்தால் நிறைவு.

யாராவது கடும் அழுத்தத்தில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் உதவியே சுமையாகலாம். நியால் போல்ஜரும் உடன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்களுடைய துணையையும் தினமும் தனித்தனியே குறிப்பெழுதச் சொன்னார்கள். உதவி கிடைத்தது என்று தேர்வெழுதுபவர் எழுதிய நாட்களை அடுத்து அவருடைய மனச்சோர்வு கூடியது. துணை "உதவினேன்" என்று எழுத, தேர்வெழுதுபவர் எதையும் குறிப்பிடாத நாட்கள்தான் நல்ல பலன் தந்தன. காரணம் லேசில் புரியும். "உன்னால் சமாளிக்க முடியவில்லை, அதனால் நான் வந்தேன்" என்ற செய்தி உதவியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே பரீட்சை, வேலைத் தேடல், நோய் மாதிரி நேரங்களில் கண்ணில் படாமல் செய்யுங்கள். தொலைக்காட்சி ஒலியைக் குறைப்பது, அவர் பார்க்க வேண்டிய தபாலை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது, வீட்டுக்கு வரும் விருந்தினரை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது, அவர் முறை வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவது. "உனக்காக இதெல்லாம் செய்கிறேன்" என்ற வாக்கியம் மட்டும் வரக் கூடாது.

அந்த வாக்கியம்தான் பல வீடுகளில் எல்லாவற்றையும் கெடுப்பது. சொல்லிக்காட்டுதல். செய்த அன்று சொல்லாவிட்டாலும் மூன்று மாதம் கழித்து ஒரு சண்டையில் எடுத்து வீசினால், அதற்கு முன் செய்த எல்லாமும் பின்தேதியிட்டுக் கடனாக மாறிவிடும். வாங்கியவர் அடுத்த முறை எதையும் வாங்கத் தயங்குவார். மனதில் கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தச் செயலைச் செய்யாமல் இருப்பது மேல்.

கணக்கு எப்போதுமே தப்பாகத்தான் வரும் என்பது வேறு விஷயம். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறது, மற்றவர் செய்தது பாதிதான் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கோளாறு, தனக்குப் பிடித்ததை மற்றவருக்குச் செய்வது. பேசினால் மனம் லேசாகும் என்று நினைப்பவர், தனியாக இருக்க விரும்புபவரின் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இருவருமே நொந்துபோவார்கள். பிறகு, தன் பங்கு வேலையைச் செய்துவிட்டு அதை அன்பாகக் கணக்கில் எழுதுவது. நாள் முழுக்க ஒருவரே எல்லா வேலையும் பார்க்கும் வீட்டில், மாலையில் வைக்கும் ஒரு பூவோ சீட்டோ எரிச்சலைத்தான் கிளப்பும். முதலில் பங்கைச் சரி செய்ய வேண்டும், அது அன்புச் செயலாகாது, நியாயம். மன்னிப்புக்குப் பதிலாகச் செய்வதும் இதே வகைதான். தப்பு செய்தால் வாயால் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம், இல்லாவிட்டால் அது லஞ்சம் மாதிரி இருக்கும்.

ஒரே செயலைத் தினமும் செய்தால் சில வாரங்களில் அது சுவரோடு சுவராகிவிடும். நின்றால் மட்டும் தெரியும், அதுவும் குறையாக. இதற்குப் பழகிப்போதல் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தச் செயலை வீட்டு வழக்கமாகவே விட்டுவிட்டு, கவனிப்பை வேறொரு இடத்துக்கு நகர்த்துங்கள். பாராட்டு, சேர்ந்திருக்கும் நேரம், பரிசு, உதவி, தொடுதல் என்று அன்பைக் காட்ட ஐந்து வகை "அன்பு மொழிகள்" உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான் முக்கியம் என்ற கருத்து 1992 முதல் பிரபலம். அதை நம்பி ஒரே வகையில் நின்றுவிடுகிறவர்களும் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எமிலி இம்பெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024இல் அதைச் சீர்தூக்கிப் பார்த்து, ஆளுக்கொரு மொழி என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, சரிவிகித உணவு மாதிரி எல்லாமே கலந்து வேண்டும் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நேற்று தொடுதல் வேண்டியிருந்தவருக்கு இன்று தனிமை வேண்டியிருக்கலாம்.

எந்தத் தயாரிப்பும் தேவைப்படாத ஒன்று இருக்கிறது, இருப்பவற்றிலேயே வலுவானது அதுதான்: முகம் கொடுத்துப் பேசுவது. யாராவது "இங்க பாரேன்" என்கிறார்கள். ஜன்னலில் ஒரு பறவை, போனில் ஒரு படம், அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒன்று. உளவியலாளர் ஜான் காட்மன் இந்த மாதிரிச் சிறு அழைப்புகளை எண்ணிப் பார்த்தவர். புதுமணத் தம்பதிகளை ஆய்வகக் குடியிருப்பில் கவனித்து, ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அன்று அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்துவிட்டவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். சேர்ந்திருந்தவர்களின் கணக்கும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் கவனியுங்கள். வேலை நடுவில் இருந்தால் "ரெண்டு நிமிஷம், இதை முடிச்சுட்டு வந்து பாக்கறேன்" என்பதும் முகம் கொடுத்ததாகவே சேரும், ஆனால் நீங்களே போய்க் கேட்க வேண்டும். "ம்" என்று திரையைப் பார்த்தபடி சொல்வது சேராது.

நல்ல செய்திக்கு இது இன்னும் பொருந்தும். ஷெல்லி கேபிள் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகள் சொல்வது, ஒருவர் சந்தோஷச் செய்தியோடு வரும்போது கிடைக்கும் எதிர்வினைதான் உறவைக் காட்டிக்கொடுக்கும் என்பது. "அம்மா, என்னை டீம்ல எடுத்துட்டாங்க!" என்கிறாள் மகள். "நல்லது, கை கழுவு" என்றால் அங்கேயே முடிந்தது. "அப்ப படிப்பு என்னாகும்?" என்றால் இனி அவள் சொல்லமாட்டாள். "அட! யார் சொன்னாங்க? அப்ப நீ என்ன பண்ணின?" என்று அந்த நிமிடத்தை அவளைத் திரும்ப ஒருமுறை வாழ வைத்தால் போதும். படிப்பைப் பற்றி நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்குகிறவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேள்வியில் பாதிப் பிரச்சினை அங்கே இருக்கிறது. வீட்டில் நல்லது நடக்கவில்லையா, நடப்பது தெரியவில்லையா? எலிசபெத் ராபின்சன், கெயில் பிரைஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வெளியாட்கள் வீட்டுக்குப் போய்த் தம்பதிகளிடையே நடந்த நல்ல செயல்களை எண்ணினார்கள். உறவில் மகிழ்ச்சியில்லாதவர்கள் அவற்றில் பாதியைத் தவறவிட்டார்கள். அதனால் இரவு படுக்கும் முன் வீட்டில் இன்னொருவர் செய்த ஒன்றை மட்டும் தேடி எழுதுங்கள். பத்து நாளாவது தொடருங்கள், முதல் மூன்று நாள் எதுவும் தோன்றாது. பிறகு, செருப்பு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது, நீங்கள் தூங்கும்போது கதவை ஓசையில்லாமல் சாத்தியது எல்லாம் கண்ணில் படத் தொடங்கும்.

பட்டதைச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாரா ஆல்கோவின் 2016 ஆய்வு, தனக்குக் கிடைத்த பலனைச் சொல்வதை விட, செய்தவரைப் பாராட்டிச் சொல்லும் நன்றிதான் எதிராளிக்கு இதமாக இருப்பதைக் காட்டியது. "கதவைச் சாத்தினியே, நல்லாத் தூங்கினேன்" என்பது சரிதான். "நான் தூங்கறேன்னு கைப்பிடியைத் திருகிப் பிடிச்சுச் சாத்தினியே, உனக்குத்தான் அதெல்லாம் தோணும்" என்றால் செய்தவருக்குத் தன்னைக் கண்டுகொண்டார்கள் என்று இருக்கும். நேரில் சொல்லக் கூச்சம் என்றால் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். இப்படி எழுதுகிறவர்கள், வாசிப்பவருக்கு அசட்டுத்தனமாக இருக்குமோ என்று தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்று அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் காட்டினார்கள்.

எழுதிப் பார்த்தும் பக்கம் காலியாகவே இருந்தால் கேளுங்கள். "கேட்டு வாங்கினால் அது அன்பா" என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. பரிசு விஷயத்தில் ஃபிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃபிளின் 2011இல் கண்டது, கேட்ட பொருள் கிடைத்தவர்கள்தான் கேட்காத பொருள் கிடைத்தவர்களை விட அதிகம் மகிழ்ந்தார்கள் என்பது. கொடுப்பவர்களோ இரண்டுமே ஒரே அளவு பிடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். "நீ என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கற" என்பதைக் கேட்பதாக எடுத்துக்கொள்ள முடியாது, அது குற்றச்சாட்டு. "நான் வெளியே போயிட்டு வந்ததும் அஞ்சு நிமிஷம் போனை வெச்சுட்டு என்கூட உட்காருவியா?" என்பது கேட்பது. ஒரு ஆள், ஒரு செயல், ஒரு நேரம். சண்டை நடக்கும்போது வேண்டாம், இருவருக்கும் வேலை இல்லாத ஒரு பொழுதில் கேளுங்கள். முதல் முறை மறந்துவிடுவார்கள், இன்னொரு தடவை அதே குரலில் நினைவுபடுத்தலாம்.

அடி, மிரட்டல், அவமானம் நடக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அடித்த மறுநாள் வரும் சின்னச் சின்னக் கவனிப்புகள் அடுத்த அடிக்கு முந்திய அமைதியாக இருக்கலாம். அங்கே குறிப்பறியும் வேலையை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் வெளியே சொல்வதுதான் முதல் வேலை.

மற்ற வீடுகளில், இன்று இரவு யாருடைய சார்ஜர் வயர் எட்டவில்லை என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.